துண்டுக்குள் ஐந்து விரல்

ஜனவரி 5, வியாழன்

மாட்டுத் தீவனக் கம்பெனிக்காரன் வருஷா வருஷம் ஒரு டைரி கொடுப்பான். அதை ஒருநாளும் திறந்ததில்லை. இந்த வருஷத்து டைரியைத் திறந்திருக்கிறேன் என்றால் அதற்கு மாட்டு டாக்டர் செல்வகணபதிதான் காரணம்.

இன்றைக்குச் சந்தையில் ஒரு காரிக் காளையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னங்கால் சந்தில் ஒரு கட்டி. விற்க வந்தவன் அதன்மேல் மஞ்சளை அப்பி, பூஜை போட்ட மாடு என்று கதை விட்டுக்கொண்டிருந்தான். கை வைத்ததும் இது கட்டி என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற டாக்டர் சிரித்தார். சிரித்தவருடைய கண், முழங்கைக்கு மேல் மடித்துவிட்டிருந்த என் சட்டைக்கு வந்தது.

"ஏனுங் நாச்சிமுத்தண்ணா, மாட்டுக் கட்டியக் கண்டுபுடிச்சுட்டீங்க. உங்க கையில இருக்கறது என்னங்க?"

"கொழுப்புக் கட்டிங். போன தீவாளிக்கு முன்னாடியே இருக்குது. வலியெல்லாம் இல்லீங். டவுன் டாக்டர்கிட்டக் கேட்டிருக்கறன். புதங்கிழமை வந்தா மரத்துப்போற ஊசி போட்டு அரை மணி நேரத்துல எடுத்துப்போடறன்னாரு."

டாக்டர் என் கையைப் பிடித்து அந்த இடத்தை அழுத்தினார். மாட்டை அழுத்துகிற மாதிரிதான்.

"புதங்கிழமை போகாதீங்க."

"ஏனுங்?"

"கொழுப்புக் கட்டின்னா பெரும்பாலும் தோலுக்கடியில வழுக்கிட்டு ஓடும். இது சதைக்குள்ள உக்காந்துருக்குது. வளந்துட்டும் இருக்குது. இப்படி ஒண்ண முதல்ல படம் எடுத்துப் பாக்கோணும். பொறவு ஊசியில துளி எடுத்துப் பாக்கோணும். கத்தி கடைசி. மாட்டுக்கே நான் அப்படித்தான் பண்ணுவன், உங்குளுக்குப் பண்ண மாட்டாங்களா?"

கோயமுத்தூரில் பெரிய கேன்சர் ஆஸ்பத்திரியின் பேரைச் சொன்னார். அங்கே போகும்வரை தேதியையும் கட்டியின் அளவையும் எழுதி வைக்கச் சொன்னார்.

வலது முன்கை, உள்பக்கம், சுண்டு விரல் ஓரமாக. பெரிய எலுமிச்சம்பழம். எழுதியாயிற்று.

ஜனவரி 9, திங்கள்

கோயமுத்தூர். ஒரு குழாய்க்குள் படுக்க வைத்துப் படம் எடுத்தார்கள். உள்ளே டமார் டமார் என்று சத்தம். லாரியில் ஏற்றின மாட்டுக்கு எப்படி இருக்கும் என்று முதல்முறையாகத் தெரிந்தது.

ஜனவரி 12, வியாழன்

ஊசி போட்டுத் துளிச் சதை எடுத்தார்கள். ஊசி போடுகிற டாக்டர் தயாராக நிற்க, ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டரம்மா தானே வந்து, எங்கே குத்த வேண்டும் என்று பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். பேர் ரெஜினா. நாகர்கோவில் பக்கம்.

எங்கே குத்தினால் என்ன என்று கேட்டேன்.

"இந்த ஊசி போன வழியையும் பின்னாடி கட்டியோட சேர்த்து எடுக்கணும். எனக்குத் தோதான இடத்துல குத்தினாத்தானே எடுக்க முடியும்?"

வாங்கும்போதே விற்கிற இடத்தை யோசிக்கிற ஆள். எனக்குப் பிடித்துவிட்டது.

சந்தைக்குப் போகாத வியாழன். இதற்கு முன்னால் எப்போது என்று மயிலாத்தாளைக் கேட்டேன். நம்முடைய கல்யாணம் ஒரு வியாழக்கிழமை, அன்றைக்குக்கூட நீங்கள் மத்தியானத்துக்கு மேல் போனீர்கள் என்றாள்.

ஜனவரி 16, திங்கள்

மாட்டுப் பொங்கல். கொம்புக்கெல்லாம் பெயின்ட் அடித்தோம். முடிவு இன்னும் வரவில்லை. மயிலாத்தாள் பொங்கல் வைத்து முதல் உருண்டையை மாட்டுக்கும் இரண்டாவதை எனக்கும் ஊட்டினாள். வழக்கமாக எனக்கு ஊட்ட மாட்டாள்.

ஜனவரி 20, வெள்ளி

முடிவு வந்தது. புற்றுநோய்தான். சதை, கொழுப்பு, நரம்பு மாதிரி மெத்தென்ற பாகங்களில் வருகிற வகை, சார்கோமா என்று பேர். சினிமாக் கொட்டகைக்கு வைக்கலாம் போல இருக்கிறது.

ரெஜினா டாக்டரம்மா இதைச் சொல்வதற்கு முன்னால் வேறொன்றைச் சொன்னார்.

"உங்க கைய நான் வெட்டி எடுக்கப்போறதில்ல ஐயா. அதை முதல்ல சொல்லிடுறேன். அப்புறமா மத்ததைப் பேசுவோம்."

முன்பெல்லாம் கை காலில் இது வந்தால் கையையோ காலையோ அப்படியே எடுத்துவிடுவார்களாம். இப்போது பெரும்பாலும் அதற்கு வேலை இல்லை. முதலில் ஐந்து வாரம் கதிர் சிகிச்சை. பிறகு புண் ஆற ஒரு மாதத்துக்கு மேல் இடைவெளி. அதற்கப்புறம் ஆபரேஷன். கட்டியை மட்டும் நோண்டி எடுக்கக் கூடாது. அதைச் சுற்றி நல்ல சதையும் ஓர் உறை மாதிரி சேர்ந்து ஒரே உருண்டையாக வர வேண்டும்.

"ஆபரேஷன் பண்றப்ப கட்டியை நான் கண்ணால பாக்கவே கூடாது. பாத்துட்டேன்னா தப்பா வெட்டிட்டேன்னு அர்த்தம்."

"நல்ல சதை எவ்வளவு போகுமுங்?"

"கிடைக்கிற இடத்துல ரெண்டு சென்டிமீட்டர் எடுப்பேன்."

"ஒண்ணுன்னு முடிச்சுக்கலாமுங்களே."

"இதுல பேரம் இல்லைங்க ஐயா."

"செரி, எனக்கும் வேண்டாம், உங்குளுக்கும் வேண்டாம். ஒண்ணரை."

மயிலாத்தாள் மேஜைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளினாள். டாக்டரம்மா சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். பிறகு ஒரு தாளில் கையை வரைந்து காட்டினார். சுண்டு விரலுக்கும் மோதிர விரலுக்கும் போகிற நரம்பு கட்டியை ஒட்டிக்கொண்டு ஓடுகிறது. ஒட்டி மட்டும் இருந்தால் உரித்துக் காப்பாற்றுவார். கட்டிக்குள் போயிருந்தால் நரம்பும் போகும், அந்த இரண்டு விரலில் உணர்ச்சியும் போகும். திறந்து பார்த்தால்தான் தெரியும்.

நெஞ்சுப் படத்தில் ஒன்றுமில்லை, வேறெங்கும் பரவவில்லை. நல்ல செய்தி. உயிருக்கு நம்பிக்கை இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னபோது நான் சுண்டு விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று எழுதி வைக்க வேண்டும்.

எங்கள் தொழிலில் விலையை வாயால் பேசுவதில்லை. இரண்டு பேரும் வலது கையை நீட்டுவோம், மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வோம். சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே அவன் என் விரலைப் பிடிப்பான். எத்தனை விரல் பிடிக்கிறானோ அத்தனை பத்தாயிரம். அந்த விலை எனக்குக் கட்டாவிட்டால் நான் அவன் விரலில் ஒன்று குறைத்துப் பிடிப்பேன். துண்டுக்கு மேலே இரண்டு முகமும் கல்லு மாதிரி இருக்கும். கெட்டிக்காரன் எதிராளியின் முகத்தைப் பார்க்க மாட்டான், தோளைப் பார்ப்பான். விரல் பொய் சொன்னாலும் தோள் காட்டிக் கொடுத்துவிடும்.

நான் அடுத்தவன் மாட்டைக் கூலிக்கு ஓட்டிக்கொண்டு சந்தைக்கு வந்தவன். இன்றைக்குச் சந்தையில் பாதிப் பேர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் விலை சொல்கிறார்கள் என்றால் இந்தக் கையால் வந்தது. இரண்டு விரல் செத்துப்போனால், எதிராளி ஐந்தைப் பிடித்தாலும் எனக்கு மூன்று என்றுதான் தெரியும். இடது கையை நீட்டினால் ஒருவனும் தொட மாட்டான், பீச்சாங்கை என்பான்.

பயம் என்று இல்லை. எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

ஜனவரி 30, திங்கள்

கதிர் சிகிச்சை ஆரம்பம். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஒரு ரூம் எடுத்திருக்கிறோம். கையை ஓர் அச்சுக்குள் வைத்து, அசையாதீங்க என்று சொல்லிவிட்டு எல்லோரும் வெளியே ஓடிவிடுகிறார்கள். வலி இல்லை, சத்தமும் அவ்வளவு இல்லை.

பிப்ரவரி 9, வியாழன்

மிஷின் ஓட்டுகிற தம்பியின் மாமனாருக்குக் கறவை மாடு வேண்டுமாம். அச்சுக்குள் கையை வைத்துக்கொண்டே ஒரு ஜெர்சி விற்றேன். மயிலாத்தாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

பிப்ரவரி 12, ஞாயிறு

லீவு நாள், ஊருக்கு வந்தோம். கருப்பணன் வந்தான். வெங்கமேட்டுக்காரன், எனக்குச் சந்தையில் எதிரி. வாலிப வயசிலிருந்து ஒருத்தனை ஒருத்தன் ஏமாற்றப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். யாருக்கும் சொல்லாமல் இருந்தேன், எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டான்.

"ஏ மச்சான், கையில என்னமோ வச்சுருக்கறயாமா. எங்கிட்டச் சொல்லாம மறைச்சு விக்கப் பாக்கறயா?"

"உனக்கெதுக்குச் சொல்லோணும்? நீ வாங்கவா போற?"

"ஓசியில குடுத்தாலும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, கையைப் பிடித்துப் பார்த்தான். ரொம்ப நேரம் விடவில்லை. "நீ இல்லாம சந்தையில திட்டறதுக்கு ஒரு ஆள் இல்லப்பா. எல்லாரும் மருவாதியாப் பேசறானுக. வெறுப்பா இருக்குது."

போகும்போது ஒரு தார் பூவன் பழம் வைத்துவிட்டுப் போனான். அடிக்காய் கனியவே இல்லை. அவன் புத்தி.

மார்ச் 3, வெள்ளி

கதிர் முடிந்தது. தோல் வெயிலில் கருகின மாதிரி இருக்கிறது. மயிலாத்தாள் அந்த ரூம் இருந்த வீதியில் எல்லா வீட்டையும் உறவாக்கி வைத்திருக்கிறாள். கிளம்பும்போது யார் யாரோ அழுகிறார்கள், ஊறுகாய் கொடுக்கிறார்கள். நோய்க்காரன் நான். என்னை யாரும் தேடவில்லை.

ஏப்ரல் 11, செவ்வாய்

நாளைக்கு ஆபரேஷன். இன்று ஷாஹிதா என்று ஒரு பெண் வந்தாள். ஆபரேஷன் முடிந்த கைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறவள். முன்னால் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் பின்னால் ஒப்பிட முடியும் என்றாள்.

கண்ணை மூடச் சொன்னாள். மூடினேன். கொஞ்சம் திறந்துதான் இருந்தது, தொழில் பழக்கம். பார்த்துவிட்டு, ஒரு துணியை எடுத்து என் கைமேல் போட்டாள். உள்ளே கையை விட்டு என் விரலைத் தொட்டு, "இப்ப எதுங்க ஐயா?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கோயமுத்தூரில், ஏசி ரூமில், எங்கள் சந்தை.

அவள் ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் பிடித்தாள். என் கை தானாகத் திரும்பி அவள் விரல் ஒன்றை மட்டும் பிடித்து அழுத்திவிட்டது.

"ஐயா, நீங்க என்னைத் தொடக் கூடாது. நான்தான் தொடணும்."

"ரெண்டு கேட்டீங்க, எனக்குக் கட்டாதுங். பதில் சொல்லோணுமல்லங்?"

மயிலாத்தாள் விளக்கிச் சொன்னபிறகு அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் பக்கத்து வார்டு நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

ஏப்ரல் 12, புதன்

மோதிரத்தைக் கழற்றி மயிலாத்தாளிடம் கொடுத்தாயிற்று. பச்சைச் சட்டை. பயம் இல்லை.

ஏப்ரல் 14, வெள்ளி

சித்திரை ஒன்று. இவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். என் பெயர் மயிலாத்தாள். என் கையெழுத்து இவருடையதைவிட நன்றாக இருக்கும்.

"ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. தைரியமாகத்தான் உள்ளே போனேன்."

போனார். போகும்போது என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது. "மயிலா, மயிலைப் பசு அடுத்த மாசம் கன்னு போடும், கிட்டவே இரு" என்று மூன்று முறை சொன்னார். எங்கள் வீட்டுச் சாம்பல் நிறப் பசு அது, கன்று போட இன்னும் நான்கு மாதம் இருக்கிறது.

என்ன இவ்வளவு எழுதுகிறாய் என்று கேட்கிறார். நீங்கள் சொன்னதைத்தான் என்றேன்.

"டாக்டரம்மா கட்டியை ஒரே உருண்டையாக எடுத்துவிட்டார். தோல் போதாமல் தொடையிலிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறார். நரம்பு கட்டியை ஒட்டித்தான் இருந்திருக்கிறது, உள்ளே போகவில்லை."

டாக்டரம்மா என்னிடம் சொன்னது இது: "நரம்பு முழுசா இருக்கு அம்மா. ஆனா மேலுறையை உரிச்சிருக்கேன். நல்லா அடிபட்டிருக்கு. அந்த ரெண்டு விரல் கொஞ்ச காலம் தூங்கும். எழுந்திரிக்கும்னுதான் நம்புறேன். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது." நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கருப்பணன் வந்தான். எப்போதும் போலத் தொல்லை."

கருப்பணன் அண்ணன் கீழே காண்டீனில் உட்கார்ந்திருந்தார், ஆபரேஷன் முடிகிறவரைக்கும் மேலே வரவில்லை. முடிந்தது என்று போய்ச் சொன்னேன். "அவன் கைய வெட்டாம உட்டுட்டாங்களா? போச்சு, இனி நான் பொழைக்க முடியாது" என்று சொல்லிவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். சந்தையில் விலை பேசுகிற அதே துண்டுதான்.

"போதும், எழுதியது வரைக்கும் போதும்" என்கிறார்.

ஏப்ரல் 24, திங்கள்

இடது கை. எழுத்து கோழி கிளறியது போல இருக்கும்.

எடுத்த உருண்டையைச் சுற்றிலும் மை தடவி, நறுக்கி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்திருக்கிறார்கள். ஓரத்தில் எங்கும் கட்டி இல்லை. ஓரம் சுத்தம். டாக்டரம்மா இரண்டு முறை சொன்னார்.

"ஒண்ணரைன்னு முடிச்சிருந்தா?" என்று கேட்டேன்.

"அதனாலதான் பேரம் இல்லைன்னேன்."

மயிலாத்தாள் மாடிப்படி ஏறி இறங்கி ஒவ்வொரு வார்டாக ஜிலேபி கொடுத்தாள். செக்யூரிட்டிக்கு இரண்டு.

மே 3, புதன்

இடது கை எழுத்து பழகிவிட்டது.

ஷாஹிதா துணி போட்டுச் சோதித்தாள். எந்த விரல், எந்த விரல் என்று கேட்டாள். எல்லாவற்றையும் சரியாகச் சொன்னேன். சுண்டு விரலையும் சொன்னேன், மோதிர விரலையும் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு ஒரே சந்தோஷம், இவ்வளவு சீக்கிரமா என்றாள். நல்ல பெண். தோளை மறைக்கத் தெரியாதவள்.

மே 5, வெள்ளி

டீ குடித்துக்கொண்டு பேப்பர் பார்த்தேன். டம்ளரை வலது கையில் வைத்திருந்தேன், பழக்கம் விட்டுப்போகக் கூடாதல்லவா. மயிலாத்தாள் வந்து வெடுக்கென்று பிடுங்கினாள். சுண்டு விரல் ஓரமெல்லாம் சிவந்து ஒரு கொப்புளம் வந்திருக்கிறது. டம்ளர் கொதிக்கிறது என்கிறாள். எனக்கு அப்படித் தெரியவில்லை.

கொப்புளத்தில் மருந்து போட்டாள். பிறகு டைரியை எடுத்து மூன்றாம் தேதி எழுதினதைப் படித்தாள். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்றாள்.

மே 8, திங்கள்

ரெஜினா டாக்டரம்மா கொப்புளத்தைப் பார்த்தார், மயிலாத்தாளைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

"சோதனையில எல்லாம் சரியாச் சொல்லியிருக்கீங்க."

"ஆமாங்."

"எப்படி?"

வேறு வழியில்லை. "சுண்டு விரலைத் தொடும்போது அந்தப் பொண்ணு முழங்கைய வெளிய தள்றாளுங். மோதிர விரலுக்குத் தோளு சித்தெ எறங்கும். தொழில்ல அதைத்தானுங் பாக்கறது."

ஷாஹிதா தன் தோளையே திரும்பிப் பார்த்துக்கொண்டாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"ஐயா, நான் உங்ககிட்ட பேரம் பேசல. நீங்களும் என்கிட்ட பேசாதீங்க. தெரியலைன்னு நீங்க சொன்னாத்தான் எனக்குத் தெரியும். சூடு தெரியாத விரலை எப்படிப் பாத்துக்கணும்னு சொல்லித் தந்திருப்பேன். இப்ப பாருங்க, கொப்புளம்."

துண்டுக்குள் கை வைத்துவிட்டு உண்மை சொல்வது எனக்கு வாழ்க்கையில் முதல்முறை. குறுக்கே ஒரு ஸ்கிரீனை இழுத்துவிட்டுச் சோதித்தார்கள். தோளும் தெரியவில்லை, முகமும் தெரியவில்லை. கட்டை விரல், ஆள்காட்டி, நடு விரல் மூன்றும் தெரிந்தது. மோதிர விரலில் பாதி. சுண்டு விரல் இல்லை. இல்லை என்று சொன்னேன். சொல்லிவிட்டால் என்னவோ நடந்துவிடும் என்று இருந்தேன், ஒன்றும் நடக்கவில்லை.

டாக்டரம்மா தையலுக்குக் கீழே முன்கையில் விரலால் தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் தட்டும்போது, செத்துக் கிடந்த சுண்டு விரலில் சுர்ரென்று என்னவோ ஓடியது.

"எறும்பு ஊர்ற மாதிரியா?"

"ஆமாங். கட்டெறும்பு."

அவர் முகத்தை மறைக்கவே இல்லை. "அது வரைக்கும் நரம்பு வளந்து வந்திருக்கு. மாசம் ஒரு கட்டை விரல் அகலம் கீழ இறங்கும். எறும்பு எங்க இருக்குன்னு தட்டிப் பாத்துக்கிட்டே வாங்க. வீட்டுல துணியைப் போட்டு யாராவது விரலைப் பிடிச்சுப் பழக்குங்க."

"யாராவது என்னங் டாக்டரம்மா, நான் இருக்கறனுங்" என்றாள் மயிலாத்தாள்.

ஜூன் 11, ஞாயிறு

எறும்பு முன்கை பாதிக்கு மேல் இறங்கிவிட்டது.

தினமும் சாயங்காலம் சமையல்கட்டில் சந்தை கூடுகிறது. மயிலாத்தாள் என் தோளில் கிடக்கிற துண்டை எடுத்துப் போட்டு உள்ளே கை விடுவாள். எத்தனை தோசை என்று விரலால் கேட்பாள், நான் விரலால் சொல்ல வேண்டும். தோசையில் ஆரம்பித்தது இப்போது எங்கெங்கோ போய்விட்டது.

இன்றைக்கு, "ஊட்டிக்கு எத்தனை நாள்?" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறாள், நான் மாட்டைக் காட்டித் தப்பித்துக்கொண்டிருக்கிறேன். உள்ளே விரலைப் பிடித்தாள். மூன்று தெரிந்தது. மூன்று நாள்தானே, ஒழிகிறது என்று, "செரி" என்றேன்.

துண்டை எடுத்துவிட்டுக் காட்டினாள். ஐந்தையும் பிடித்திருக்கிறாள்.

"ஏம்புள்ள, நோய்க்காரனை ஏமாத்தறயே."

"துண்டுக்குள்ள பேசுனது பேசுனதுதானுங். நீங்க சொல்றதுதான?"

இந்தத் தொழிலுக்கு இவள் வந்திருந்தால் நான் இன்னும் கூலிக்கு மாடு ஓட்டிக்கொண்டிருப்பேன்.

ஜூன் 25, ஞாயிறு

ஊட்டி. நாலாவது நாள். குளிர். ஏரியில் படகில் போனோம். மயிலாத்தாள் பாட்டுப் பாடினாள். பாடுவாள் என்று எனக்குத் தெரியாது. நாளைக்கும் இருக்கலாம், பரவாயில்லை.

ஆகஸ்ட் 14, திங்கள்

நெஞ்சுப் படம் எடுத்தார்கள். சுத்தம். கையிலும் ஒன்றுமில்லை. இனி சில வருஷம் இப்படி வந்து வந்து பார்க்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. வருகிறேன் என்றேன். எறும்பு மணிக்கட்டில்.

மயிலைப் பசு கன்று போட்டது. கிடாரி. ரெஜினா என்று பேர் வைத்திருக்கிறோம். டாக்டரம்மாவிடம் சொல்லலாமா கூடாதா என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 16, புதன்

மயிலாத்தாள் போனில் சொல்லிவிட்டாள். போட்டோ அனுப்பச் சொன்னாராம்.

அக்டோபர் 8, ஞாயிறு

மோதிர விரல் முழுசாக வந்துவிட்டது. மயிலாத்தாள் நான்கு பிடித்தால் நான்கு என்று சொல்லிவிடுகிறேன். ஐந்து பிடித்தாலும் நான்குதான் சொல்கிறேன். எறும்பு சுண்டு விரலின் அடிக்கணுவில் உட்கார்ந்திருக்கிறது. அங்கிருந்து நகர மாட்டேன் என்கிறது.

மயிலாத்தாளுக்குத் தெரியாமல் அதைத் தட்டித் தட்டிப் பார்க்கிறேன்.

நவம்பர் 9, வியாழன்

தீபாவளிச் சந்தை. போவது என்று முடிவு செய்தேன். நான்கு விரலோடு போனால் போகிறது. ஐந்து பிடிக்கிற மாதிரி மாட்டை வாங்காமல் இருந்தால் தீர்ந்தது. மயிலாத்தாள் புதுத் துண்டு கொடுத்தாள். வேண்டாம், பழசு போதும் என்றேன். தானும் வருகிறேன் என்று டெம்போவில் ஏறிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் சந்தையைப் பார்த்ததில்லை.

இறங்கினதும் வாசம் வந்தது. சாணி, சோளத்தட்டு, பீடி, டீக்கடைப் போண்டா. எத்தனை பேர் வந்து கையைப் பார்த்தார்கள் என்று எண்ணவில்லை. தழும்பைத் தடவி, தையல் நல்லாப் போட்டிருக்கு என்று பல் பார்க்கிற மாதிரி மதிப்புச் சொன்னார்கள். மாட்டு டாக்டர் செல்வகணபதி தூரத்தில் ஒரு எருமைக்கு ஊசி போட்டுக்கொண்டே கையைத் தூக்கிக் காட்டினார். நானும் தூக்கினேன், வலது கையை.

கருப்பணன் ஒரு மயிலைக் காளையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பார்வைக்கு நல்ல மாடு. திமில் எடுப்பாக இருந்தது.

"வந்துட்டயா மச்சான்? நான் இப்பத்தான் நாலு காசு பாக்க ஆரம்பிச்சன்."

"என்ன வெலை சொல்றே?"

"கையக் குடு."

கையை நீட்டினேன். அவன் தன் துண்டைப் போட்டான். ஆஸ்பத்திரிக் காண்டீன் துண்டு. உள்ளே அவன் கை வந்தது. சொரசொரப்பு மாறவில்லை. நான் அவன் தோளைப் பார்க்கவில்லை. மாட்டின் கண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கட்டை விரலைப் பிடித்தான். ஆள்காட்டி. நடு விரல். மோதிர விரல். நாலு, கொஞ்சம் அதிகம், ஒன்றைக் குறைக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது ஐந்தாவதும் தெரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுகிற மாதிரி, மங்கலாக. ஆனால் தெரிந்தது. அவன் இறுக்கினான், இறுக்கினது தெரிந்தது. நகத்துக்குப் பக்கத்தில் அவன் காப்புக் காய்ச்சின விரல் உரசுவது தெரிந்தது.

"செரி" என்றேன்.

கருப்பணன் கையை விடவில்லை.

"என்ன செரி?"

"செரின்னா செரிதாம்ப்பா. மாட்ட ஓட்டி உடு."

"யோவ் மச்சான், நான் வம்புக்குப் புடிச்சன். நீ ரெண்டக் கொறைப்ப, நான் உன்னத் திட்டுவன், நீ என்னத் திட்டுவ. எத்தன மாசமாச்சு. இப்படிப் பொசுக்குன்னு செரின்னா எப்படி?"

"துண்டுக்குள்ள பேசுனது பேசுனதுதான்."

"பல்லையாச்சும் பாருப்பா. பல்லப் பாக்காம நீ கன்னுக்குட்டி கூட வாங்குனதில்ல."

"வேண்டாம்."

அவன் மயிலாத்தாளைப் பார்த்தான். "ஏந்தங்கச்சி, கைக்கு மட்டுந்தான வைத்தியம் பாத்தாங்க?" என்றான். அவள் துண்டுக்குள் இருந்த என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை வெளியே எடுத்து, சுண்டு விரலை மட்டும் அவளுக்கு ஆட்டிக் காட்டினேன். சந்தை நடுவில், அத்தனை ஆம்பிளைகளுக்கு முன்னால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

கண்ணில் தூசி விழுந்துவிட்டது. சந்தையில் எப்போதும் தூசிதான்.

வீட்டுக்கு வந்து காளையைக் கட்டுத்தரையில் கட்டினோம். மயிலாத்தாள் ஆரத்தி எடுத்தாள். பிறகுதான் வாயைத் திறந்து பார்த்தேன். எட்டுப் பல்லும் முளைத்து, முன்பல் தேய்ந்தே போயிருக்கிறது. கிழடு. கேட்ட விலையில் பாதிகூடப் பெறாது.

நல்ல மாடு. இதை விற்கப் போவதில்லை.